செம்பனை ஆலை அனுபவத்தை வைத்து ஆஸ்திரேலியாவின் 491 விசாவுக்கு விண்ணப்பிப்பது எப்படி

மலேசியாவின் பேராக்கில் எங்கள் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஆலையிலும் பட்டறையிலும் கைதேர்ந்த பிள்ளைகள் நிறைய. பாய்லர் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்ததற்கு அத்தாட்சி கேட்டால் கையில் ஒரு தாள் இருக்காது. எனக்கு 491 விசா கிடைத்ததிலிருந்து தோட்டத்துத் தம்பிகளும் தங்கைகளும் வழி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத் தேர்வுக்கும் ஏஜென்ட்டுக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் வேலை அத்தாட்சிகளைச் சேருங்கள். தேர்வைத் திரும்ப எழுதலாம், படிவத்தைத் திரும்ப நிரப்பலாம். தோட்டம் கைமாறிவிட்டால் பழைய பதிவேட்டைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

முதலில், 491 என்றால் என்ன

ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலம் உங்களை நாமினேட் செய்து (முன்மொழிந்து), பெருநகர நெரிசலுக்கு வெளியே வந்து வேலை செய்யச் சொல்லும் விசா இது. 2019 நவம்பரில் தொடங்கியது. ஐந்து ஆண்டு செல்லும். மூன்று ஆண்டு அங்கே இருந்து, வரி கட்டிய கணக்கைக் காட்டி, 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பன் மூன்றும்தான் இதில் சேராதவை. பெர்த், அடிலெய்ட், கோல்ட் கோஸ்ட், ஹோபர்ட் எல்லாம் 'ரீஜனல்' கணக்கில் வரும். அதனால் 491 என்றதும் ஆளில்லாத காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று அம்மா அப்பா பயப்பட வேண்டாம்.

விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வரும்போது உங்களுக்கு 45 வயது முடிந்திருக்கக் கூடாது. உங்கள் தொழில் பட்டியலில் இருக்க வேண்டும். ஆலை இன்ஜினியர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது 233513, புரொடக்‌ஷன் ஆர் பிளான்ட் இன்ஜினியர். பதவிப் பெயரைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும் பணிகளைப் படித்து, நீங்கள் தினமும் செய்வதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

புள்ளிக் கணக்கு

வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. குறைந்தது 65 வேண்டும். உண்மையில் 65 வைத்துக்கொண்டு காத்திருப்பது வீண். 34 வயது, டிகிரி, எட்டு ஆண்டு அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 25, டிகிரிக்கு 15, வெளிநாட்டு அனுபவத்துக்கு 15, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் 7 வாங்கினால் 10, மனைவிக்கு எல்லாப் பகுதியிலும் 6 இருந்தால் 5, மாநில நாமினேஷனுக்கு 15. மொத்தம் 85. கல்யாணம் ஆகாதவருக்கு மனைவிக்கான 5 இல்லை, அதற்குப் பதில் 10 உண்டு. வயதுக்கான புள்ளி 33இல் 30இலிருந்து 25 ஆகிறது, 40இல் 15 ஆகிறது. பிறந்தநாளைப் பார்த்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

அனுபவத்தில் கடைசி பத்து ஆண்டுக்குள் செய்ததைத்தான் எண்ணுவார்கள். வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம், சம்பளத்தோடு செய்த வேலையாக இருக்க வேண்டும்.

நம்மவர்கள் பலர் அறியாத ஐந்து புள்ளி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அங்கீகாரம் தரும் நாட்டி என்ற அமைப்பு நடத்தும் சிசிஎல் தேர்வு. அதில் தமிழும் ஒரு மொழி. ஆங்கிலம் பேசுபவரும் தமிழ் பேசுபவரும் உரையாடுவார்கள், நடுவில் நீங்கள் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். இரண்டு உரையாடல்கள், 90க்கு 63 வாங்க வேண்டும், ஒவ்வொன்றிலும் 45க்கு 29க்குக் குறையக் கூடாது. வங்கி, மருத்துவமனை, வாடகை வீடு, காப்புறுதி என்று அன்றாட விஷயங்கள்தான் வரும். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, பிறகு ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மிலும் தமிழ் எடுத்தவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். பேச்சில் மலாய்ச் சொல் கலக்காமல் ஒரு மாதம் வீட்டில் பழகிப் பாருங்கள், அதுவே பாதிப் பயிற்சி.

ஆங்கிலத் தேர்வு

ஐஇஎல்டிஎஸ்ஸா பிடிஇயா என்று கேட்டால், தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு நான் ஐஇஎல்டிஎஸ்ஸைத்தான் சொல்வேன். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து கேட்டால் நமக்குப் பேச்சு வரும். சுற்றிலும் பத்துப் பேர் பேசும் அறையில் மைக்கைப் பார்த்துப் பேசுவது வேறு. கணினியில் வேகமாகத் தட்டச்சு செய்பவர்களுக்குப் பிடிஇ சரிவரும். எதுவாக இருந்தாலும் தேர்வு மையத்துக்குப் போய் எழுதுங்கள். வீட்டிலிருந்து எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆன்லைனை விசாவுக்கு ஏற்பதில்லை.

திறன் மதிப்பீடும் வேலை அத்தாட்சியும்

இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். என்னையும் நெடுநாள் நிறுத்தி வைத்த இடம் இதுதான்.

இன்ஜினியர்களை மதிப்பிடுவது இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. இன்ஜினியரிங் டிகிரிகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009இல் சேர்ந்தது. அதற்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற டிகிரி முடித்தவர்களுக்குப் படிப்பை மதிப்பிடுவது எளிது. அப்படி அங்கீகாரம் பெறாத டிகிரி என்றால் சிடிஆர் என்ற திறன் விளக்க அறிக்கை எழுத வேண்டும். நீங்கள் செய்த மூன்று வேலைகளைப் பற்றி மூன்று கட்டுரை, ஒவ்வொன்றும் 1000 முதல் 2500 சொல் வரை. அதில் "நாங்கள் செய்தோம்" என்று எழுதினால் எடுபடாது. குலையை ஆவியில் வேக வைக்கும் ஸ்டெரிலைசர் கதவின் கேஸ்கெட் அடிக்கடி போனதா? ஏன் போனது என்று நீங்கள் என்ன அளந்தீர்கள், என்ன கணக்குப் போட்டீர்கள், எந்த மாற்றத்தைச் சொன்னீர்கள், அதன் பிறகு ஆவி அழுத்தம் 3 பாரில் நின்றதா என்று எழுதுங்கள். ஆலை ஒரு நாளைக்கு எத்தனை டன் குலை அரைத்தது என்பது நிறுவனத்தின் பெருமை. மதிப்பிடுபவருக்கு உங்கள் பங்குதான் வேண்டும். இணையத்தில் விற்கும் ஆயத்த சிடிஆரை வாங்கவே வாங்காதீர்கள். திருட்டு எழுத்து என்று தெரிந்தால் விண்ணப்பத்தை நிராகரிப்பதோடு மறுபடி விண்ணப்பிக்கவும் தடை போடுவார்கள்.

அனுபவப் புள்ளிக்கு வேலையைத் தனியாக மதிப்பிடச் சொல்லலாம், சொல்லுங்கள். அதற்கு முதல் தேவை நிறுவனத்தின் தலைப்புத் தாளில் ஒரு கடிதம். தோட்டத்து ஆபீசில் கேட்டால் கிராணி (எழுத்தர்) ஒரு நற்சான்றிதழ் தட்டித் தருவார். "இவர் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்று இருக்கும். அது இங்கே உதவாது. கடிதத்தில் இருக்க வேண்டியவை: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, முழுநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், நீங்கள் செய்த பணிகள், கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, தொடர்பு எண். பணிகளை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "பராமரிப்பைக் கவனித்தார்" என்பதை விட, "பாய்லர், டர்பைன், ஸ்குரூ பிரஸ் ஆகியவற்றின் பராமரிப்பு அட்டவணையைத் தயாரித்தார், ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்புத் துறை) ஆய்வுக்குப் பாய்லரைத் தயார் செய்தார், எண்ணெய் இழப்பைத் தினமும் ஆய்ந்து பிரஸ் அழுத்தத்தைத் திருத்தினார்" என்பது ஆயிரம் மடங்கு மேல்.

என் கதையில் சிக்கல் வேறு. நான் முதலில் வேலை செய்த ஆலை தோட்டத்தோடு சேர்த்து விற்கப்பட்டுவிட்டது. புதிய நிறுவனத்தின் எச்ஆர் கோலாலம்பூரில் இருக்கிறது. தேதியையும் பதவியையும் மட்டும்தான் உறுதிப்படுத்த முடியும், பணிகளைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். அவர்கள் பக்கம் பார்த்தால் அதுவும் நியாயம்தான். அப்போது எனக்கு மேலே இருந்த ஆலை மேலாளர் ஓய்வுபெற்று தெலுக் இந்தானில் இருந்தார். போய் விஷயத்தைச் சொன்னேன். "செஞ்சதை மட்டும் எழுதிட்டு வாப்பா. நான் படிச்சுப் பார்த்துதான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். சொன்னபடியே பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் டர்பைன் ஓவர்ஹால் என்று எழுதியிருந்த இடத்தில், "நீ வர்றதுக்கு முந்தின வருசமும் ஒண்ணு நடந்துச்சு, எதுன்னு தெரியணும்" என்று ஆண்டைச் சேர்க்கச் சொன்னார். பிறகு இருவரும் பெசுருஹ்ஜாயா சும்பாவிடம் (சத்தியப் பிரமாண ஆணையரிடம்) போய், 1960ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி அதை அவருடைய பிரமாணமாகப் பதிந்தோம்.

ஆக நான் அனுப்பியது: புதிய நிறுவனத்தின் சுருக்கமான கடிதம், மேலாளரின் பிரமாணம், வேலைக்கு எடுத்த கடிதம், பதவி உயர்வுக் கடிதம். இவற்றோடு மூன்றாம் தரப்பு ஆதாரமும் கேட்பார்கள். சம்பளச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். நம் நாட்டில் அதற்கு அருமையான ஆதாரம் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி. அதன் ஆன்லைன் கணக்கான ஐ-அக்கவுன் திறந்து ஒவ்வோர் ஆண்டின் அறிக்கையையும் பிடிஎஃப் ஆக இறக்குங்கள். மாதாமாதம் முதலாளி கட்டியது, நீங்கள் கட்டியது எல்லாம் அதில் இருக்கும். கிடைக்காத பழைய ஆண்டுகளுக்கு இபிஎஃப் முகப்பிடத்தில் கேளுங்கள். அடுத்தது ஆண்டுச் சம்பளக் கணக்கைக் காட்டும் இஏ பாரம். பிப்ரவரி முடிவதற்குள் முதலாளி கட்டாயம் தர வேண்டியது அது. வருமான வரி பதிந்து முடித்ததும் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இன்று முதல் போடாதீர்கள்.

இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. விசா எண்ணம் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பணிகளைக் குறிப்பிட்ட கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள். மேலாளர் மாறும்போதெல்லாம் வாங்குங்கள்.

பெயர் விஷயம்

நம் பெயரில் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி-யில் (மகள்) உள்ள சாய்வுக்கோட்டைப் பல ஆன்லைன் படிவங்கள் ஏற்காது. அது பெரிய விஷயமில்லை, கோட்டை விட்டுவிட்டு எழுதலாம். எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டையே பின்பற்றுங்கள், தேர்வுப் பதிவிலும்கூட. பெரிய சிக்கல், பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஐசியில் (அடையாள அட்டையில்) வேறு மாதிரி இருப்பது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது சாதாரணம். இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியப் பிரமாணம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். மலாயில் உள்ள பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நான் ஐடிபிஎம் என்ற மலேசிய மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் கொடுத்தேன், தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

இஓஐ, மாநிலம், விசா

ஸ்கில்செலக்ட் என்ற ஆஸ்திரேலிய அரசுத் தளத்தில் இஓஐ (விசா விருப்பத் தெரிவிப்பு) போடுவது இலவசம், இரண்டு ஆண்டு இருக்கும். ஆவணம் எதையும் அப்போது ஏற்ற வேண்டாம். ஆனால் கேட்ட புள்ளி ஒவ்வொன்றுக்கும் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். அழைப்பு வந்தபின் ஐந்து புள்ளி குறைந்தாலும் விசா மறுக்கப்படும், கட்டிய பணமும் போகும். ஒரு மாநிலத்துக்கு ஓர் இஓஐ என்று தனித்தனியாகப் போடுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு இஓஐ போதும். விக்டோரியா தனியாக விருப்பப் பதிவும் கேட்கும். நிதியாண்டு ஜூலை 1 தொடங்கும், ஒதுக்கீடு வந்ததும் மாநிலங்கள் விதியை மாற்றும். மாநிலத்தின் சொந்தத் தளத்தை மட்டும் படியுங்கள், வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள்.

மாநிலம் நாமினேட் செய்து அழைப்பு வந்ததும் 60 நாளுக்குள் விசா விண்ணப்பம் போட வேண்டும். கட்டணம் 2025 ஜூலையில் முதன்மை விண்ணப்பதாரருக்கு 4,900 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிவிட்டது. மனைவி, பிள்ளைகளுக்குத் தனி. ஆண்டுதோறும் ஏறுகிறது. படிவம் 80 பத்து ஆண்டு முகவரியையும் பயணத்தையும் கேட்கும். லயத்து வீட்டுக்குத் தெருப் பெயர் இல்லையென்றால் ஐசியில் உள்ளபடி எழுதி, எல்லாப் படிவத்திலும் அதையே வையுங்கள். எல்லையில் ஆட்டோகேட் (தானியங்கிக் கதவு) வழியாகப் போனால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. தாய்லாந்தின் ஹாட் யாய் போனதையும் இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போனதையும் இப்போதே எக்செல்லில் குறித்து வையுங்கள். ஸ்கேன் செய்யக் கைபேசி போதாது, நல்ல பிளாட்பெட் ஸ்கேனரில் வண்ணத்தில் எடுங்கள். கோப்பு ஒவ்வொன்றும் 5 எம்பிக்குள் இருக்கட்டும்.

நன்னடத்தைச் சான்றிதழை மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் இ-கொன்சுலார் தளத்தில் கேட்க வேண்டும், ஊர் போலீஸ் நிலையத்தில் இல்லை. மருத்துவச் சோதனை ஆஸ்திரேலிய அரசின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும்.

ஏஜென்ட் வேண்டுமா? நேரான வேலை வரலாறு உள்ளவர்களுக்குத் தேவையில்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவில் விசா ஏஜென்ட்டுகளைப் பதியும் மாராவின் ஏழு இலக்க எண்ணைக் கேட்டு, அந்தப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். "விசா உறுதி" என்று சொல்பவரிடம் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். தோட்டத்துக் குடும்பம் இபிஎஃப் பணத்தையும் நகையையும் வைத்துக் கொடுப்பது எனக்குத் தெரியும்.

பின்சேர்க்கை

இதை எழுதிய பிறகு ஜொகூரிலிருந்து ஒரு தம்பி கேட்டார், சிங்கப்பூரில் வேலை செய்தால் என்ன என்று. கடைசி பத்து ஆண்டில் மொத்தம் 12 மாதம் அங்கே தங்கியிருந்தால் சிங்கப்பூர் போலீஸ் தரும் சிஓசி என்ற குற்றப் பதிவுச் சான்றிதழும் வேண்டும். விட்டு விட்டு இருந்த மாதங்களையும் கூட்டுவார்கள்.

இன்னொரு தங்கை கேட்டது: நிரந்தர விசா வந்ததும் இபிஎஃப் பணத்தை மொத்தமாக எடுக்கலாமா? முடியாது. நாட்டை விட்டுப் போவதற்கான மீட்பு, மலேசியக் குடியுரிமையைத் துறந்தவர்களுக்குத்தான். 491இலும் 191இலும் நம் பாஸ்போர்ட் நம்மிடமே இருக்கும். அங்கே குடியுரிமை எடுக்கும் நாளில்தான் இதை யோசிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் மலேசியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை.