பிறப்புறுப்பு மரு: நான் குணமடைந்த விதம்

ஆணுறுப்பின் அடிப்பகுதியில் வலியோ அரிப்போ இல்லாமல், காலிஃபிளவர் நுனியைப் போல ஓரம் சுருண்ட சிறு மருக்கள் தோன்றியபோது, அரசு மருத்துவமனையின் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவுக்குச் சென்றேன். இது எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) கிருமியின் 6, 11 ஆகிய வகைகளால் பெரும்பாலும் வருவது என்றும், புற்றுநோயை உண்டாக்கும் 16, 18 வகைகள் வேறு என்றும் மருத்துவர் விளக்கினார். எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனைகளையும் செய்துகொள்ளச் சொன்னார்.

பெரிய மருக்களைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்தார்கள். சுரீரென்று எரிந்து, கொப்பளித்து, பொருக்கு உதிர்ந்தது. எஞ்சியவற்றுக்கு இமிக்விமாட் களிம்பை வாரத்தில் மூன்று இரவுகள், ஒருநாள் விட்டு ஒருநாள் மெல்லியதாகத் தடவிக் காலையில் சோப்பு போட்டுக் கழுவினேன். கைகால் மருவுக்குக் கடையில் விற்கும் சாலிசிலிக் அமிலத்தை இங்கே தொடவே கூடாது. மரு உதிர்ந்த இடத்திலேயே மீண்டும் முளைத்தது. முதல் சில மாதங்களில் இது சகஜமே என்பதால் சிகிச்சையைத் தொடர்ந்தேன், பிறகு வரவில்லை.

கிருமி உடலுக்குள் நுழைந்து மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தும் மரு தோன்றலாம். ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று என் மனைவியும் நானும் துருவவில்லை. ஆணுறை தொற்றைக் குறைக்குமே தவிர, அது மூடாத தோல் வழியே பரவுவதைத் தடுக்காது. வந்த மருவைத் தடுப்பூசி போக்காது என்றாலும், 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும் செர்வாவாக் ஊசியை எங்கள் மகளுக்குப் போட்டுவிட்டோம்; 9 முதல் 14 வயதுக்குள் இரண்டு தவணை போதும்.