மீக்கடத்தி முனையால் சுழற்சியை அளக்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

இடவியல் மின்காப்பி என்ற பொருளில், கொள்கைப்படி, மேற்பரப்பு மட்டும் மின்சாரம் கடத்தும். அங்கே எலெக்ட்ரானின் சுழற்சி (ஸ்பின்), அது ஓடும் திசைக்குச் செங்குத்தாகப் பூட்டப்பட்டிருக்கும். இந்தப் பூட்டை மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் கடத்தும் பொருள்) முனை வைத்துச் சோதிக்கும்போது பலர் தடுக்கி விழுவது முதல் படியிலேயே.

காந்தப் பொருள்களில் பழகிய பழக்கம்தான் காரணம். மீக்கடத்திக்குள் நுழையும் எலெக்ட்ரான் எதிர்ச்சுழற்சி கொண்ட துணையோடுதான் போக முடியும். போனதும் வெளியே ஒரு துளை, அதாவது எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடம், திரும்பி வரும். ஆந்திரேயெவ் எதிரொளிப்பு என்பது இதுதான். ஒரே சுழற்சி மிகுந்த காந்தப் பொருளில் துணை கிடைக்காது, கடத்துதிறன் சரியும். 1998இல் குரோமியம் டை ஆக்சைடில் இந்தச் சரிவை அளந்துதான் சுமார் 90 சதவீத முனைவாக்கம் (ஒரு சுழற்சி மற்றதைவிட மிகுந்திருக்கும் அளவு) என்று கணக்கிட்டார்கள்.

சரி, இடவியல் மின்காப்பியான பிஸ்மத் செலினைடின் பரப்பிலும் அப்படியே சரியுமா? சரியாது. வலப்பக்கம் ஓடும் எலெக்ட்ரானுக்கு ஒரு சுழற்சி என்றால், இடப்பக்கம் ஓடுவதற்கு நேரெதிர்ச் சுழற்சி. மீக்கடத்திக்குள் எலெக்ட்ரான்கள் இணையும் கூப்பர் ஜோடி கேட்பதும் அதே பொருத்தத்தைத்தான். பெண் வீட்டிலேயே மாப்பிள்ளை இருக்கும்போது தரகர் எதற்கு? ஆகவே காந்தப் பொருளுக்கான சூத்திரத்தில், மின்னழுத்தத்தோடு கடத்துதிறன் மாறும் வளைகோட்டைப் பொருத்தி, முனைவாக்கம் பூச்சியம், எனவே பூட்டு இல்லை என்று எழுதுவது தவறு.

அப்புறம், பெயரில் மின்காப்பி இருந்தாலும் நடைமுறையில் உள்ளே மின்சாரம் ஓடவே செய்யும். பிஸ்மத் செலினைடில் செலினியம் அணுக்கள் விடுபட்ட இடங்கள் எலெக்ட்ரான்களைத் தானம் செய்கின்றன. உட்பகுதியின் பங்கைப் பிரிக்காமல் பரப்பைப் பற்றிப் பேசக் கூடாது.

முனை பெரிதாகிவிட்டால் வேறு தொல்லை. எலெக்ட்ரான் மோதாமல் செல்லும் தூரத்தைவிட முனையின் அகலம் கூடினால் அந்த இடம் சூடாகும். மின்னோட்டம் மாறுநிலை அளவைத் தாண்டும்போது மீக்கடத்தல் கெட்டு, வளைகோட்டில் கூர்மையான பள்ளங்கள் விழும். முனையாகப் பயன்படும் மீக்கடத்தியான நியோபியத்தின் ஆற்றல் இடைவெளி சுமார் 1.5 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். முனையை மாற்றினால் அது பெரிதாக மாறாது. பள்ளம் முனைக்கு முனை இடம் மாறுகிறதா? அப்படியானால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பூச்சிய மின்னழுத்தத்தில் ஓர் உச்சி தெரிந்ததும் மயோரானா (தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் துகள் போன்ற நிலை) என்று துள்ளுவதும் உண்டு. இதே சூடும் போலி உச்சியைத் தரும். காந்த இடவியல் மின்காப்பியின் மேல் நியோபியம் பட்டை வைத்து, மயோரானாவின் அடையாளமாகப் பாதிக் குவாண்டம் கடத்துதிறனில் ஒரு சமதளம் கண்டதாக 2017இல் கட்டுரை வந்தது. இணைப்பு நன்றாக அமைந்த சாதனங்களில் மயோரானா இல்லாமலே அந்தச் சமதளம் வரும் என்று 2020இல் வேறொரு குழு காட்டியது. முதல் கட்டுரை 2022இல் திரும்பப் பெறப்பட்டது.