மனவரைபடத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்

ஒருவரிடம் தாளைக் கொடுத்து, "உங்கள் நகரத்தை நினைவிலிருந்து வரையுங்கள்" என்றால் கிடைப்பது மனவரைபடம். அதை உண்மையான வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பிழை எண்ணுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அந்தப் பிழைகளில்தான் விஷயமே இருக்கிறது.

1970களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் பாரிஸ்வாசிகளைத் தங்கள் நகரத்தை வரையச் சொன்னார். சேன் நதியின் பெரிய வளைவைப் பெரும்பாலானோர் இருப்பதைவிடக் குறைத்தே வரைந்தார்கள். கரையோரமாக நடப்பவருக்கு நதி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது தெரிவதில்லை. நேராகப் போவதாகவே தோன்றும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பாஸ்டன் காமன் பூங்காவும் அப்படித்தான். அதற்கு ஐந்து பக்கங்கள். மூலைகளோ செங்கோணம் போலத் தெரியும். அதனால் அதன் வடிவம் மனதில் சரியாகப் பதிவதில்லை. நதியும் பூங்காவும் மனிதருக்கு எப்படித் தென்படுகின்றன என்பதை இந்தக் கோணல் கோடுகள்தான் சொல்கின்றன.

அடுத்தது, உயரமாக இருந்தாலே அடையாளம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை. 1960இல் நகரத் திட்ட அறிஞர் கெவின் லின்ச் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டனின் ஜான் ஹான்காக் கட்டடம் தூரத்திலிருந்து எடுப்பாகத் தெரிந்தது. ஆனால் அதன் அடிப்பகுதி எங்கே இருக்கிறது என்பது மக்கள் மனதில் தெளிவாக இல்லை. உச்சி மட்டும் அந்தரத்தில் நிற்பது போல! வழி கண்டுபிடிக்க அது எவ்வளவு உதவும்? அதே ஊரின் அரசு மாளிகையின் தங்கக் குவிமாடத்துக்கு மட்டும் இந்தக் குறை பெரிதாக இல்லை.

மனதில் ஊரின் படத்தை உருவாக்குபவை என்று லின்ச் சொன்ன பாதை, விளிம்பு, பகுதி, சந்திப்பு, அடையாளம் ஆகிய ஐந்தையும் நிறம் நிறமாகப் பிரித்துப் பூசி முடிக்கும் மாணவர்களும் உண்டு. ஆனால் ஒரே விரைவுச்சாலை கார் ஓட்டுபவருக்குப் பாதை. அதைக் கடக்க முடியாமல் நிற்கும் பாதசாரிக்கு விளிம்பு. யாருடைய கண் என்று குறிக்காத வரைபடத்தால் பயனில்லை.

அப்புறம், ஆட்கள். லின்ச் பாஸ்டனில் சுமார் 30 பேரையும், ஜெர்சி சிட்டியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் தலா 15 பேரையும்தான் பேட்டி கண்டார். அந்த முடிவுகளை எல்லா ஊருக்கும், எல்லா வயதினருக்கும் அப்படியே பொருத்தக்கூடாது.

வரையத் தெரியாதவருக்கு ஊர் தெரியாது என்றும் நினைத்துவிடாதீர்கள். லின்ச்சும் வரைபடத்தோடு நிற்கவில்லை. வழியை வாயால் விவரிக்கச் சொன்னார், புகைப்படங்களைக் காட்டி இடம் கேட்டார். தாளைப் பார்த்துத் தயங்குபவரோடு கூடவே நடந்து போங்கள். எதைப் பார்த்துத் திரும்பினார் என்று திரும்பிய இடத்திலேயே கேளுங்கள்.