ஆனுவல் டின்னர் மேடையில் ‘நோபடி’ ஆடுவது எப்படி

பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஃபேக்டரியில் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். வருடக் கடைசி நெருங்கினால் கேண்டீனில் ஒரே பேச்சுதான்: ஆனுவல் டின்னருக்கு, அதாவது கம்பெனியின் வருடாந்திர விருந்துக்கு, யார் என்ன ஆடப்போகிறார்கள்? இந்த முறை தீம் ரெட்ரோ என்று நோட்டீஸ் ஒட்டியதும், எங்கள் லைன் பெண்களுக்கு நான் சொல்லித் தருகிறேன் என்று முன்வந்தேன். 2009-இல் இதே பினாங்கில், ஒரு ஹோட்டல் மேடையில் ‘நோபடி’ ஆடிய ஐந்து பேரில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு 22 வயது. இப்போது 38. சொல்லிக்கொடுக்கும்போதுதான் அந்தப் பாட்டை உண்மையிலேயே புரிந்துகொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ‘நோபடி’ வொண்டர் கேர்ள்ஸ் என்ற கொரியப் பெண்கள் குழுவின் பாட்டு. 2008 செப்டம்பரில் வந்தது. எழுதி இசையமைத்தவர் பார்க் ஜின்-யங். 1960-களின் அமெரிக்கப் பெண்கள் குழுக்கள் மாதிரி பாட்டையும் உடையையும் முடியையும் அமைத்திருந்தார்கள். அதாவது, புதிதாக வந்த நாளிலேயே அது ரெட்ரோ பாட்டு. மறு வருடம் ஆங்கிலத்தில் பாடி அமெரிக்காவுக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் 76-ஆம் இடம். அந்தப் பட்டியலுக்குள் நுழைந்த முதல் கொரியக் குழு அவர்கள்தான். 2010 ஜூலை 31-இல் கோலாலம்பூர் பக்கம் சன்வே லகூனில் எம்டிவி நிகழ்ச்சிக்கு வந்தார்கள். அன்று எனக்கு ஷிப்ட், போக முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆட்டத்தைத் தொடங்கும் முன் ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து வீடியோவை ஒரு தடவை முழுசாகப் பாருங்கள். காலையும் கையையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் கதையைப் பாருங்கள். அதில் பார்க் ஜின்-யங்கே பாடகராக நடிக்கிறார். இந்த ஐந்து பெண்களும் அவருக்குப் பின்னால் நின்று துணைக்குரல் கொடுப்பவர்கள். அவர் கழிவறைக்குப் போய், காகிதம் இல்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறார். நிகழ்ச்சி நிற்கக்கூடாது. பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்து பாடுகிறார்கள், கூட்டம் அவர்களையே கொண்டாடுகிறது. இதை நாங்கள் அப்படியே மேடையில் வைத்தோம். நடுவில் ஒரு மைக், அதற்குப் பின்னால் தள்ளி ஐந்து பேர். மைக் முன்னால் யாரும் இல்லை. பாட்டின் தொடக்கத்தில் ஒரு பெண் குரல் பேசுவது போல வரும் அல்லவா, அது முடியும் வரை யாரும் அசையக்கூடாது. பேச்சு முடிந்ததும் ஒரே ஒரு எட்டு வைத்து ஐந்து பேரும் முன்னால். எங்கள் லைனில் 12 மணி நேரம் கிளீன்ரூமில், அதாவது தூசி நுழையாத உற்பத்தி அறையில், நிற்கும் பெண்கள் அந்த ஒரு எட்டை எப்படி எடுத்து வைத்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். அதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இனி கைத்தட்டல். முழுப் பாட்டும் இதில்தான் நிற்கிறது. நாங்கள் ஆடும் முறை இது: ‘நோபடி’ என்று திரும்பத் திரும்ப வரும் இடத்தில் கை தட்ட வேண்டும், ‘உன்னைத் தவிர’ என்று பொருள் வரும் இடத்தில் ஆள்காட்டி விரலைத் துப்பாக்கி போல நீட்ட வேண்டும். பார்க்க மிகச் சுலபம். ஐந்து பேர் தட்டினால் ஐந்து சத்தம் கேட்கும். அதை ஒரே சத்தமாக்க எங்களுக்கு முதல் ஒன்றரை வாரம் போனது. அந்த ஒன்றரை வாரமும் கால் வேலையைத் தொடவே இல்லை.

எங்கள் குழுவில் மூத்தவர் 51 வயது அக்கா, கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து கும்மியோடு வளர்ந்தவர். இருந்த கைகளிலேயே மிக நல்ல கை அவருடையதுதான். ஆனால் அவர் தட்டல் மட்டும் தனியாக விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அவர் பாடிய கும்மி திஸ்ரம், ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாகப் போகும். உடம்பும் மூன்றுக்கு ஒரு தடவை தாழும். ‘நோபடி’ நான்கு, ‘தகதிமி’. அவர் உடம்பு மூன்றில் தாழ்ந்து, கை நான்கில் தட்டப் பார்க்கிறது.

“அக்கா, குனியாதீங்க. நேரா நின்னு கூட்டத்தப் பாருங்க.”

“கும்மின்னா குனியணும்டி. இல்லன்னா எங்க பாட்டி முதுகுலயே ஒண்ணு வைப்பாங்க.”

அதற்குப் பிறகு அவரைத் தட்டச் சொல்லவில்லை. பிளாட் கீழே இருக்கும் மண்டபத்தில் ‘தகதிமி’ சொல்லிக்கொண்டு நடக்க மட்டும் சொன்னேன். ஒரு எழுத்துக்கு ஒரு எட்டு. மூன்றாம் நாள் கை தானாகச் சேர்ந்துகொண்டது. உங்கள் குழுவிலும் கும்மி, கோலாட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். அவர்களைத் திருத்துகிறேன் என்று கையைப் பிடிக்காதீர்கள். நடையை மாற்றுங்கள், கை பின்னால் வரும்.

உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் ‘டப்’ என்று மொத்தையாகக் கேட்கும். ஒரு கையின் விரல்கள் மறு உள்ளங்கையில் விழுந்தால் ‘சட்’. ஹோட்டல் ஹாலில் பத்துப் பேர் மேசைகளில் தட்டு, கரண்டிச் சத்தம் ஓயாது. அதைத் தாண்டிக் கேட்பது ‘சட்’ மட்டும்தான். ஐந்து பேரும் அதையே தட்டுங்கள். கைகள் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். வளையலும் வேண்டாம். பயிற்சியின்போது ஒருவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நின்று கேட்க வேண்டும். கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும், பிசிறு காதுக்கு மட்டும்தான் அகப்படும்.

விரல் நீட்டும் இடத்தில் எங்களுக்கு எதிர்பாராத ஒரு சிக்கல். முன்வரிசையில் மேனேஜர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் உட்காருவார்கள். பெரியவர்கள் முகத்துக்கு நேரே விரல் நீட்ட யாருக்கும் மனம் வரவில்லை, கை பாதியிலேயே வளைந்துபோனது. அது நியாயமான கூச்சம். அதனால் பார்வையை மாற்றினோம். எந்த ஹாலிலும் பின்சுவரில் பச்சையாக ‘கெலுவார்’ என்று வெளிவாசல் பலகை எரியும். ஐந்து விரலும் அந்தப் பலகைக்குத்தான். தலைகளுக்கு மேலே போவதால் கூச்சம் போனது, ஐந்து கையும் ஒரே கோணத்தில் நின்றது. கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தன்னைக் காட்டுவது போலவே தெரியும்.

கால் வேலை சின்னது. பக்கவாட்டில் ஓர் எட்டு, சேர்ப்பு, இடுப்பில் ஒரு அசைவு. இடுப்பைப் பெரிதாக ஆட்டாதீர்கள், பாட்டின் அழகே அடக்கத்தில் இருக்கிறது. சிரிப்புக்காக ஆடிக்காட்டும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். வயதான பெண்கள் ஆடினால் கோமாளித்தனமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நேராக, ஒழுங்காக ஆடுங்கள். அந்த 51 வயது அக்காவுக்கு மேடையில் கிடைத்த விசில் அவர் ஆட்டத்துக்குக் கிடைத்தது.

வாயசைப்புக்குக் கொரியச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள், தமிழில் எழுதிப் படியுங்கள். நான் அனுபவத்தில் சொல்கிறேன், தமிழ் எழுத்து அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. நாம் ‘காடு’ என்று எழுதும்போது முதலில் வரும் ‘க’ வல்லோசை. ‘அகம்’ என்றால் நடுவில் அதே எழுத்து மெலிகிறது. கொரிய மொழியிலும் சாதாரண க, த, ப ஒலிகள் உயிர்களுக்கு நடுவே வந்தால் இப்படித்தான் மெலியும். அப்புறம் அவர்களிடம் உதடு குவியாத ஒரு உகரம் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு எழுத்தே இல்லை. நமக்கு ‘காசு’, ‘பாட்டு’ என்னும் சொற்களின் கடைசியில் வருகிறதே, பள்ளியில் குற்றியலுகரம் என்று படித்தோமே, ஏறக்குறைய அதேதான். கொரியப் பாட்டுகளில் அடிக்கடி வரும் ‘குதே’ என்ற சொல்லுக்கு ‘நீ’ என்று பொருள். அதன் ‘கு’வை ‘நாக்கு’ என்பதன் கடைசிக் ‘கு’வைப் போல உதடு குவிக்காமல் சொல்லிப் பாருங்கள், சரியாக வரும். பிற்பகுதியில் அந்தக் குழுவின் யூபின் பாடும் ராப்பை ஒருவர் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

உடைக்கு லிட்டில் இந்தியா போய்விடுங்கள். வீடியோவில் அவர்கள் அணிவது தங்க நிறத்தில் மின்னும் குட்டை கவுன். எங்களில் பாதிப் பேருக்கு அது வேண்டாம். தங்க ஜிகினாத் துணியில் இடுப்புக்குக் கீழே இறங்கும் மேல்சட்டை தைத்து, கறுப்புக் கால்சட்டையோடு போட்டோம். அக்குள் பக்கம் பருத்தியில் உள்துணி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தட்டத் தட்ட ஜிகினா கையைக் கீறிவிடும். முடியைத் தலைமேல் உயர்த்திக் கட்ட விக் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் அம்மாவின் பழைய சவுரி கிடக்கும். அதைச் சுருட்டி உச்சியில் வைத்து, மேலே சொந்த முடியைப் படிய வாரி, கொண்டை ஊசி குத்தினால் அசல் அறுபதுகளின் கொண்டை. மைக் ஸ்டாண்டுக்குப் பெரிய மைலோ டின்னில் சிமெண்ட் கரைத்து ஊற்றி, நடுவில் பிவிசி குழாயை நட்டு, இரண்டு நாள் காயவிட்டு, கறுப்புச் சாயம் அடித்தோம். இடித்தாலும் சாயாது.

அலங்காரம் முடித்து ஒத்திகைக்கு வந்த நாளில் ஒன்று நடந்தது. எங்கள் லைனில் ஏழு மாதமாக என் பக்கத்தில் நிற்கும் தங்கச்சி ஒருத்தி. கிளீன்ரூமில் தலை முதல் கால் வரை மூடிய உடை, முகத்தில் மாஸ்க், கண் மட்டும்தான் தெரியும். எங்கள் பசியாறும் நேரமும் வேறு வேறு. பயிற்சிக்கும் வேலை முடிந்த களைப்பில் மாஸ்க்கோடுதான் வருவாள். உதட்டுச் சாயத்தோடு அவள் திரும்பியபோது கன்னத்தில் ஆழமாக ஒரு குழி. “உனக்குக் கன்னத்துல குழி விழுமா?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள், இன்னும் ஆழமாக விழுந்தது. அவளை நடுவில் நிற்க வைத்தேன்.

கடைசியாகப் பாட்டு ஃபைல். இதில் கவனமாக இருங்கள், ஏனென்றால் 2009-இல் நாங்கள் பட்டுவிட்டோம். கொரிய வடிவத்தில் பழகியிருந்தோம், அன்று இரவு ஓடியது ஆங்கில வடிவம். மாலையில் சவுண்ட் செக் செய்தோமே, எப்படித் தெரியாமல் போனது? தொடக்கப் பேச்சும் கோரஸின் முதல் வரியும் கொரியப் பாட்டிலேயே ஆங்கிலம்தான். அதை மட்டும் கேட்டுவிட்டு ‘சரி’ என்று இறங்கிவிட்டோம். மேடையில் எங்கள் உதடு ஒன்று சொல்ல, ஸ்பீக்கர் வேறொன்று சொன்னது. எனவே முதல் சரணம் வரும் வரை ஓடவிட்டுக் கேளுங்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போதே ‘கொரியன்’ என்று சேர்த்துவிடுங்கள். பென்டிரைவ் இரண்டு, ஒன்று சவுண்ட் ஆளிடம், ஒன்று உங்கள் கைப்பையில். மேடைக்குப் பின்னால் உங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது, பாட்டு இல்லாமல் நான்கு தடவை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஒரே ‘சட்’ கேட்டால் ஏறலாம்.