அரிப்பை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள்: கிளாஸ் வூல் வேலையில் நடக்கும் தவறுகள்

மே மாத மதியத்தில் தகர ஷீட்டுக்குக் கீழே உட்கார முடியாது. அதனால் குடோன், ஒர்க்‌ஷாப், மண்டபம் எல்லாவற்றிலும் ஷீட்டுக்கு அடியில் கிளாஸ் வூல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு, போடுகிறார்கள். கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் மேல் கோழி வலையை இழுத்துக் கட்டி, அலுமினியத் தாள் கீழே தெரியும்படி மஞ்சள் ரோலை விரித்து, மேலே ஷீட்டை அடித்தால் முடிந்தது. வேலை சுலபம்தான். வேலைக்கு வருகிறவர்களின் கோலம்தான் சரியில்லை: பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, மூக்கில் ஒரு கைக்குட்டை.

"அரிச்சா அரிச்சுட்டுப் போகுது, பழகிடும்" என்பார்கள். அரிப்பு என்னவோ பழகித்தான் போகிறது. 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த கண்ணாடி இழைகள் மூங்கில் சுணை மாதிரி தோலில் குத்துவதால் வருவது அது. சொறிந்தால் இன்னும் ஆழமாக ஏறும். வீட்டுக்குப் போனதும் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதும், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்வதும் உதவாது. முதலில் கையால் தேய்க்காமல், ஓடுகிற பச்சைத் தண்ணீரில் உடம்பைக் காட்ட வேண்டும். இழை கழுவிப் போன பிறகுதான் சோப்பு. கண்ணில் விழுந்தாலும் கசக்காமல் தண்ணீர்தான். உறுத்தல் நிற்காவிட்டால் டாக்டர். முழுக்கைச் சட்டையைத் தொளதொளவென்று போட்டு, கழுத்தையும் மணிக்கட்டையும் மட்டும் பட்டன் போட்டு மூடினால் பாதித் தொல்லை வராது. இறுக்கமான டி‌ஷர்ட் இழையைத் தோலோடு சேர்த்து அழுத்தும்.

நுரையீரல் வரை போகக்கூடியவை 3 மைக்ரானுக்கும் மெலிந்த இழைகள். அவை குத்துவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. கைக்குட்டையும் சர்ஜிகல் மாஸ்க்கும் ஓரங்களில் காற்றை விட்டுவிடும். முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 வேண்டும்; அடர்ந்த தாடி இருந்தால் அதுவும் சரியாக உட்காராது.

இதற்காகக் கிளாஸ் வூலைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2001இல் சான்றுகளை மறுபடி பார்த்து, கட்டடங்களுக்கான கிளாஸ் வூலையும், பாறையை உருக்கி இழையாக்கும் ராக் வூலையும் 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற பிரிவிலிருந்து, 'வகைப்படுத்தப் போதிய சான்றில்லை' என்ற 3ஆம் பிரிவுக்கு மாற்றியது. கண்ணாடி இழை உடைந்தால் குறுக்கே உடையும், நீளம்தான் குறையும். நுரையீரலில் காலப்போக்கில் கரைந்தும் போகும். ஆஸ்பெஸ்டாஸ் இழையோ நெடுக்கே பிளந்து பிளந்து மெலிந்துகொண்டே போகும், கரையாமல் பல ஆண்டுகள் தங்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. மஞ்சள் பஞ்சுக்குக் கையுறை கேட்கிற அதே ஆள், பழைய மில்லின் பாய்லர் குழாயில் சுற்றியிருக்கும் சாம்பல் நிறப் பூச்சைச் சுத்தியலால் தட்டி எடுப்பார். அது அரிக்காதே! அந்தப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அது தரும் நுரையீரல் நோய் தெரிய 20, 30 வருடம்கூட ஆகலாம். என்னவென்று சோதித்துத் தெரியும்வரை கைவைக்கக் கூடாது. ஃபர்னஸுக்குள் (உலைக்குள்) சூட்டைத் தடுக்கப் போட்டிருக்கும் வெள்ளை செராமிக் ஃபைபரும் கிளாஸ் வூலின் தம்பி அல்ல. அது இன்னமும் 'புற்றுநோய் தரக்கூடும்' பிரிவில்தான் இருக்கிறது. ஆயிரம் டிகிரிச் சூட்டில் நெடுநாள் கிடந்ததைப் பிரிக்கும்போது, அதில் நுரையீரலைக் கெடுக்கும் கிரிஸ்டோபலைட் என்ற படிக சிலிக்காவும் உருவாகியிருக்கலாம். இந்த இரண்டுக்கும் என்95 மட்டும் போட்டுக்கொண்டு இறங்குவது துணிச்சல் இல்லை, அறியாமை.

மற்றவை சில்லறைத் தவறுகள், ஆனால் தினமும் நடப்பவை. கிரைண்டர் மெஷின் வைத்து வெட்டுகிறார்கள். பலகையில் வைத்து அழுத்திக் கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டினால் தூசி அவ்வளவு பறக்காது. துடைப்பத்தால் வறட்டென்று பெருக்குவதும், கம்ப்ரசர் காற்றை அடிப்பதும் கீழே கிடந்ததை மூக்குக்கு ஏற்றுகிற வேலை. தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். 50 மில்லிமீட்டர் ரோலை இடம் பத்தவில்லை என்று 25க்கு நசுக்கினால் தடுப்பும் கிட்டத்தட்ட பாதியாகிவிடும், ஏனென்றால் சூட்டைத் தடுப்பது உள்ளே சிக்கியிருக்கும் காற்றுதான். சீலிங் லைட்டின் முதுகை மூடிவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் ஒயர் கருகும்.

மிச்சத் துண்டுகளைக் காலி மனையில் போட்டுக் கொளுத்தாதீர்கள். இழைகளை ஒட்டவைத்திருக்கும் பிசின் கெட்ட புகை விடும். சாக்கில் போட்டு வாய் கட்டி, குப்பைக்குத் தனியாகக் கொடுக்கலாம். வேலைத் துணியை வெளியே உதறிவிட்டு உள்ளே கொண்டுவருவதும் வேண்டாம். வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப்போட்டால் பிள்ளையின் பனியனிலும் இழை ஏறும். தனியாகத் துவைத்து, மெஷினில் போட்டிருந்தால் கடைசியில் ஒருமுறை வெறும் தண்ணீரை ஓடவிடுங்கள்.