பெருகிக்கொண்டே போன மான்கள்

பெங்களூரு அல்சூர் அறையில் உட்கார்ந்து லோட்கா-வோல்டெரா சமன்பாடுகளைப் பைத்தான் நிரல்மொழியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். 1920களில் வந்த எளிய மாதிரி அது: இரை, அதைத் தின்னும் விலங்கு, நான்கே மாறிலிகள். நான் புள்ளிமானும் செந்நாயும் என்று வைத்துக்கொண்டேன். கணக்குப்படி இரண்டின் எண்ணிக்கையும் ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். என் வரைபடத்திலோ ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது. எட்டிப் பார்த்த மதுரைக்கார அறைத்தோழன், "என்னடா, மானெல்லாம் பந்திப்பூர் காட்டைத் தாண்டி எம்.ஜி. ரோட்டுக்கே வந்துடும் போல" என்றான்.

மாறிலிகளை மாற்றி மாற்றியே ஒரு மாலை போயிற்று. வீண். அப்புறம் காலப்படியை, அதாவது கணக்கு ஒவ்வொரு அடியிலும் தாண்டும் நேரத்தை, 0.1இலிருந்து 0.01 ஆக்கினேன். விரிவது மெதுவானதே தவிர, நிற்கவில்லை. அப்போதுதான், சமன்பாட்டை அடியடியாகத் தீர்க்க நான் பயன்படுத்திய ஆய்லர் முறை மேல் சந்தேகம் வந்தது. அது வளைவின் மேல் போகாமல் தொடுகோட்டிலேயே நேராக நகர்வதால், ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் வெளியே தள்ளிவிடுகிறது.

மாற்றியது ஒரே வரி. முதலில் மான்களின் புது எண்ணிக்கை. செந்நாய் கணக்கில் பழைய மான் எண்ணிக்கைக்குப் பதில் அந்தப் புது எண். அவ்வளவுதான், வட்டம் மூடிக்கொண்டது! (இன்னும் துல்லியமான ரங்கே-குட்டா முறையும் இங்கே நன்றாகவே வேலை செய்யும், எனக்குத்தான் சோம்பல்.)

சரிபார்க்க, இந்த மாதிரியில் மாறாமல் இருக்க வேண்டிய அளவு ஒன்று உண்டே, அதையும் அச்சிட்டுப் பார்த்தேன். லேசாக ஆடியது, ஏறிக்கொண்டே போகவில்லை.