எஸ்எஸ்எச் நிரலைச் சோதிக்கப் போலிப் பொதிகளை உருவாக்கும் முறை

கொழும்பு வெள்ளவத்தையில் மாலை மழை பிடித்தால் எங்கள் வீட்டு இணைய இணைப்பு தடுமாறும். அத்துடன், சிங்கப்பூரில் இருக்கும் சேவையகமொன்றை நம்பி தொலைக் கணினியோடு மறைகுறியாக்கிப் பேச உதவும் நெறிமுறையான எஸ்எஸ்எச்சுக்கு நான் எழுதியிருந்த சோதனைகளும் தோற்றுப்போகும். மழை விட்டதும் அவையே தேறிவிடும். அத்தகைய சோதனை நிரலின் தரத்தை அளப்பதில்லை, வானிலையைத்தான் அளக்கிறது. ஆகவே நிரலுக்கு வந்துசேரும் ஒவ்வொரு பைட்டையும் நாமே உருவாக்கி, நாம் விரும்பிய அளவிலும் வரிசையிலும் ஊட்டுவது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில், உங்கள் நிரல் சொக்கெட்டை (வலையமைப்பு இணைப்பின் முனையை) நேரடியாகத் திறப்பதை நிறுத்துங்கள். படித்தல், எழுதுதல், மூடுதல் ஆகிய மூன்றை மட்டும் அறிந்த ஒரு பொருளை அது வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளட்டும். உண்மையான பயன்பாட்டில் அந்த இடத்தில் சொக்கெட் இருக்கும். சோதனையில், நினைவகத்தில் உள்ள பைட்டு வரிசையொன்றிலிருந்து படித்துக் கொடுக்கும் போலி இணைப்பு இருக்கும்.

இந்தப் போலி இணைப்புக்கு, ஒரு தடவையில் எத்தனை பைட்டு கொடுக்க வேண்டும் என்ற அளவுரு கட்டாயம் தேவை. எஸ்எஸ்எச்சைச் சுமந்து செல்லும் டிசிபி நெறிமுறை பொதிகளைத் தருவதில்லை, பைட்டுகளின் ஓட்டத்தையே தருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறை படித்தால் ஒரு முழுப் பொதி வந்துவிடும் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலான நிரல்கள் எழுதப்படுகின்றன. ஒரு தடவையில் அனுப்பக்கூடிய மிகப்பெரிய அளவு (எம்டியு), கணினி தன்னோடு தானே பேசும் லினக்ஸின் உள்வளைய இடைமுகத்தில் 65,536 பைட்டு, ஈத்தர்நெட்டில் வழமையாக 1,500 பைட்டு என்பதால், சொந்தக் கணினிக்குள் ஓடும் சோதனையில் இந்த வழு தலைகாட்டுவதே அரிது. அளவுருவை 1 ஆக வைத்து முழுக் கைகுலுக்கலையும் (இணைப்பின் தொடக்கப் பரிமாற்றத்தையும்) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு, இரண்டு பொதிகளை ஒன்றாக ஒட்டி ஒரே வாசிப்பில் கொடுங்கள். என் அனுபவத்தில் இவ்விரண்டு சோதனைகளும் மற்றவை அனைத்தையும் விடக் கூடுதலான வழுக்களைப் பிடித்திருக்கின்றன.

அடுத்து, பொதியைக் கையால் கட்டுங்கள். சோதிக்கப்படும் நிரலின் பொதி கட்டும் செயற்கூறையே சோதனையிலும் பயன்படுத்தினால், கட்டுவதிலும் பிரிப்பதிலும் ஒரே தவறு இருக்கும்போது இரண்டும் ஒத்துப்போய்ச் சோதனை தேறிவிடும். எஸ்எஸ்எச் பொதியின் வடிவத்தை வரையறுக்கும், 2006 இல் வெளியான ஆர்எஃப்சி 4253 ஆவணத்தின்படி, ஒரு பொதியில் 4 பைட்டு நீளம், 1 பைட்டு நிரப்பி நீளம், உள்ளடக்கம், நிரப்பி (அளவைச் சரிசெய்யச் சேர்க்கும் பைட்டுகள்) என்பன இந்த வரிசையில் வரும்; மறைகுறியாக்கம் தொடங்கிய பின் அவற்றைத் தொடர்ந்து சரிபார்ப்புக் குறியும் வரும். நிரப்பி குறைந்தது 4 பைட்டாக இருக்க வேண்டும். மறைகுறியாக்கத்துக்கு முன்னர் மொத்த அளவு 8 இன் மடங்காக அமைய வேண்டும். அது 16 பைட்டுக்குக் குறையவும் கூடாது.

புதிய சாவிகளுக்கு மாறுவதை அறிவிக்கும் நியூகீஸ் செய்தியை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளடக்கம் 21 என்ற ஒற்றைப் பைட்டு மாத்திரமே. 4, 1, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 6. நிரப்பி 2 போட்டால் 8 ஆகிவிடும், ஆனால் 2 போதாது என்பதால் 10 போட்டு 16 ஆக்க வேண்டும். நீளப் புலம் தன்னைத்தானே எண்ணாது. எனவே அதில் எழுதப்படுவது 12. ஆக, பைட்டுகள் 0, 0, 0, 12, 10, 21 என்று வந்து, பின்னர் பத்து நிரப்பிப் பைட்டுகள் வரும். இதைத் தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்தவருக்கு நீளக் கணக்கில் பிழை வராது.

சரியான பொதி கைவசம் வந்தபின் அதைக் கெடுப்பது எளிது. நீளத்தை 4,294,967,295 ஆக்குங்கள். நிரல் அவ்வளவு நினைவகத்தை ஒதுக்க முயலாமல் உடனே இணைப்பை முறிக்க வேண்டும். நிரப்பி நீளத்தை முழு நீளத்தை விடப் பெரிதாக்குங்கள். பொதியின் நடுவில் இணைப்பை மூடுங்கள். தன் பதிப்பைச் சொல்லும் அடையாள வரிக்கு முன் வேறு சில வரிகளைச் சேவையகம் அனுப்பலாம் என்று விதி அனுமதிப்பதால், சேவைபெறும் பக்கம் அவற்றைத் தாண்டிச் செல்கிறதா என்றும் பாருங்கள்.

பொதிகளின் தொடரெண்ணுக்குத் தனிக் கவனம் வேண்டும். அது பொதியில் அனுப்பப்படுவதில்லை. இரு பக்கமும் தத்தமக்குள் எண்ணிக்கொள்கின்றன. 2023 டிசம்பரில் வெளிவந்த, எஸ்எஸ்எச் மீதான டெராபின் தாக்குதல் இந்த இடத்தில்தான் நுழைந்தது: மறைகுறியாக்கம் தொடங்குமுன், பெறுபவர் புறக்கணிக்க வேண்டிய இக்னோர் செய்தியொன்றைச் செருகி எண்ணிக்கையை நகர்த்தி, தொடங்கிய பின் வரும் பொதியொன்றைச் சத்தமின்றி நீக்கிவிட முடிந்தது. உங்கள் நிரல் இதற்குத் தீர்வாக வந்த கடுமையான சாவிப் பரிமாற்ற முறையை ஆதரிக்கிறது என்றால், முதற் பரிமாற்றத்தின் நடுவே வரும் இக்னோர் செய்திக்கு அது இணைப்பைத் துண்டிக்கிறதா, நியூகீஸுக்குப் பின் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்று சோதியுங்கள்.

கோ (Go) நிரல்மொழியில் எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை. இரு பக்கத்தையும் நினைவகத்துக்குள்ளேயே இணைக்கும் அதன் குழாய்க்கு (net.Pipe) இடைச்சேமிப்பு கிடையாது. எஸ்எஸ்எச்சில் இரு பக்கமும் படிக்காமல் முதலில் எழுதத் தொடங்கினால், மற்றவர் படிக்கட்டும் என்று இரண்டும் காத்திருந்து முடங்கிவிடும். இடைச்சேமிப்புள்ள போலி இணைப்பை நீங்களே எழுதுவது நல்லது.

தாமதத்தைச் சோதிக்க லினக்ஸின் நெட்எம் கருவி இருக்கிறது. வலையமைப்புப் பொதி இழப்பை அதில் ஏற்படுத்தி, பிரிக்கும் நிரலைச் சோதித்துவிட்டதாகச் சிலர் திருப்திப்படுவதுண்டு; இழந்ததை டிசிபி மீண்டும் அனுப்பிவிடுவதால் உங்கள் நிரலுக்குத் தெரிவது தாமதம் மாத்திரமே. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் என்பதால், கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே சுமார் 27 மில்லிசெக்கன் எடுக்கும். உண்மையான பாதை இதைவிட நீளமானது. உள்வளையத்தில் 25 மில்லிசெக்கன் தாமதம் போட்டால், போவதும் வருவதும் அதே இடைமுகம் வழியாகவே என்பதால் அது 50 ஆகும். சோதனை முடிந்ததும் அந்தத் தாமத விதியை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே கணினியில் உள்வளையம் வழியாக ஓடும் தரவுத்தளமும் மெதுவாகிவிட, காரணம் தெரியாமல் அரை நாளைத் தொலைப்பீர்கள்.